ஒரே கம்பம், இரண்டு கருவி: ஆன்டெனாவைப் பகிரலாமா, பிரிக்க வேண்டுமா?

கொல்லிமலைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், ஆகாய கங்கை அருவியில் குளித்தீர்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் போனது அருவிக்கு அல்ல. ஆலத்தூர் நாட்டில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டுக் கம்பத்தில் மாட்டியிருந்த இரண்டு சிறிய ஸ்ப்ளிட்டர்களைக் கழற்றுவதற்காகப் போனேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் நூறு ரூபாய் விலையுள்ள இரண்டு டப்பாக்களைக் கழற்றிவிட்டு இறங்கினேன். ஆனால் அந்த டப்பாக்கள் செய்த வேலை சாதாரணமானதல்ல. மூன்று நாட்கள் அந்த வீட்டில் போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை.

இதே தவறு சமவெளியிலும் நடக்கிறது. மொட்டை மாடியில் டிஷ், எஃப்.எம். ஆன்டெனா, 4ஜி ரவுட்டருக்கான வெளி ஆன்டெனா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும்போது, "எல்லாவற்றையும் ஒரே கேபிளில் இறக்கிவிடலாமே" என்று நமக்குத் தோன்றும். சில கருவிகளை அப்படிச் சேர்க்கலாம். சிலவற்றைச் சேர்க்கவே கூடாது. எதை எதோடு சேர்க்கலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நண்பர் செய்தது என்ன?

நண்பரின் வீடு ஒரு பள்ளத்தில் இருக்கிறது. சுற்றிலும் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள். வீட்டுக்குள் கைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட நிற்காது. ஒரு முறை இரவில் அவருடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, ஜீப் வைத்திருக்கும் உறவினரை அழைப்பதற்காக டார்ச் லைட்டுடன் மேட்டுக்கு ஓடியிருக்கிறார். நல்லவேளை, அப்பா பிழைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் 4ஜி ரவுட்டரும் அதற்கான வெளி ஆன்டெனாவும் வாங்கினார். இருபது அடி இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவை மாட்டியதும் வீட்டுக்குள் வைஃபை வந்தது. கைபேசியில் வைஃபை காலிங் வசதியைப் போட்டதும் சமையலறையில் இருந்தே பேச முடிந்தது.

அதே குழாயில் டிவிக்கான டிஷ்ஷும் இருந்தது. இரண்டு கேபிள்கள் காற்றில் ஆடிக்கொண்டே இருந்ததால், ஒன்றாக்கிவிடலாம் என்று அவர் நினைத்தார். இந்த யோசனை வந்தது நாகப்பட்டினத்தில் இருந்து. அவருடைய மைத்துனர் அங்கே படகுகளில் மின்னணுக் கருவிகள் பொருத்தும் வேலை செய்கிறார். "படகில் இடமே இருக்காது மாமா. ஒரே ஆன்டெனாவில் இரண்டு செட்டை ஓட்டுவதற்கு ஒரு பாக்ஸ் இருக்கிறது" என்று எப்போதோ சொல்லியிருக்கிறார்.

நண்பர் அந்த பாக்ஸை டிவி ஸ்ப்ளிட்டர் என்று எடுத்துக்கொண்டார். கம்பத்தின் மேலே ஒரு ஸ்ப்ளிட்டரை மாட்டி, அதில் டிஷ் கேபிளையும் 4ஜி ஆன்டெனாவின் கேபிள்களில் ஒன்றையும் சேர்த்தார். அங்கிருந்து ஒரே கேபிளை வீட்டுக்குள் இறக்கினார். கீழே இன்னொரு ஸ்ப்ளிட்டரை மாட்டி, ஒரு வாயை செட்-டாப் பாக்ஸுக்கும் இன்னொரு வாயை ரவுட்டருக்கும் கொடுத்தார்.

முதலில் எல்லாம் ஓடுவதுபோலத்தான் இருந்தது. பிறகு ஒரு வேடிக்கை. மகள் வீடியோ காலில் பேசும்போதெல்லாம் டிவி படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பேச்சை நிறுத்தினால் படம் சரியாகிவிடும். இரண்டாம் நாள் ரவுட்டரில் சிக்னல் விளக்கு சிவப்பாக மாறியது. அதன் பிறகு மாறவே இல்லை. "அண்ணா, ரெண்டுமே வேலை செய்யலைங்க" என்று மேட்டுக்கு ஏறி நின்று எனக்குப் போன் செய்தார்.

பகிர்வதற்கு மூன்று வழிகள்

மைத்துனர் சொன்னது பொய்யல்ல. படகில் அப்படி ஒரு பாக்ஸ் உண்மையிலேயே உண்டு. ஆனால் அது செய்யும் வேலையும் டிவி ஸ்ப்ளிட்டர் செய்யும் வேலையும் வேறு வேறு. ஓர் ஆன்டெனாவை இரண்டு கருவிகள் பகிர்ந்துகொள்ள மூன்று வழிகள் உள்ளன. இவற்றைப் புரிந்துகொண்டால் எந்த டப்பாவை எங்கே மாட்டலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

முதல் வழி, சக்தியைப் பங்கிடுவது. இதுதான் ஸ்ப்ளிட்டர். வரும் சிக்னலை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுக்கும். இரண்டு வழி ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு வாயிலும் சுமார் 3.5 டெசிபெல் குறையும். அதாவது பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும். எந்த அலைவரிசை, எந்தக் கருவி என்று அது பார்ப்பதில்லை.

இரண்டாவது வழி, அலைவரிசையால் பிரிப்பது. இதற்கு டைப்ளெக்சர் என்று பெயர். உள்ளே இரண்டு ஃபில்டர்கள் இருக்கும். குறைந்த அலைவரிசை ஒரு வாயிலும், உயர்ந்த அலைவரிசை இன்னொரு வாயிலும் வரும். சிக்னல் பாதியாகக் குறையாது. ஆனால் இரண்டு கருவிகளின் அலைவரிசைகளும் ஒன்றோடொன்று மோதாமல் தள்ளி இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, நேரத்தால் பிரிப்பது. ஒரு கருவி பேசும்போது இன்னொன்றைத் துண்டித்துவிடும் மின்னணு சுவிட்ச் இது. பேசி முடித்ததும் மீண்டும் இணைத்துவிடும். படகில் இருக்கும் பாக்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது.

உங்கள் கைபேசியைப் பாருங்கள். ஒரே ஆன்டெனாவில் பேசவும் செய்கிறது, கேட்கவும் செய்கிறது. எப்படி? 1800 மெகாஹெர்ட்ஸ் 4ஜியில் கைபேசி பேசுவது 1710 முதல் 1785 வரை. கேட்பது 1805 முதல் 1880 வரை. நடுவில் உள்ளே ஒரு ஃபில்டர் இருக்கிறது. இது இரண்டாவது வழி. 2300 மெகாஹெர்ட்ஸ் 4ஜியில் பேசுவதும் கேட்பதும் ஒரே அலைவரிசையில்தான். ஆனால் நேரத்தை மிகச் சிறு துண்டுகளாக வெட்டி மாறி மாறிச் செய்கிறது. இது மூன்றாவது வழி. ஆக, பேசும் கருவி ஆன்டெனாவைப் பகிர வேண்டுமானால் ஃபில்டர் வேண்டும், அல்லது சுவிட்ச் வேண்டும். வெறும் ஸ்ப்ளிட்டர் போதாது.

படகில் என்ன நடக்கிறது?

இப்பொழுது படகுக்கு வருவோம். மீன்பிடி விசைப்படகின் வீல் ஹவுஸில் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் இருக்கும். மைக்கை அழுத்திப் பேசும் செட் இது. கடலுக்கான வி.எச்.எஃப். 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். பொருத்தி வைக்கும் செட்டின் அதிகபட்ச சக்தி 25 வாட்.

இதோடு ஏ.ஐ.எஸ். என்ற கருவி பல படகுகளிலும் கப்பல்களிலும் உண்டு. "நான் இன்ன கலம், இந்த இடத்தில் இருக்கிறேன், இந்த வேகத்தில் போகிறேன்" என்று தானாகவே அறிவித்துக்கொண்டும், மற்ற கலங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் இருக்கும். இது 161.975 மற்றும் 162.025 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது.

இரண்டு அலைவரிசைகளையும் கவனியுங்கள். கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால் ஒரே வகை ஆன்டெனா இரண்டுக்கும் பொருந்தும். அதே காரணத்தால் சாதாரண டைப்ளெக்சரால் இரண்டையும் பிரிக்க முடியாது. மிஞ்சுவது நேரத்தால் பிரிக்கும் வழிதான்.

ஒரு பேச்சுக்கு, இங்கே டிவி ஸ்ப்ளிட்டரை மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மைக்கை அழுத்தியதும் 25 வாட் உள்ளே பாய்கிறது. அதில் பாதி, சுமார் 12 வாட், ஸ்ப்ளிட்டருக்குள் இருக்கும் சுண்டைக்காய் அளவுகூட இல்லாத ரெசிஸ்டரில் வெப்பமாகும். அது கருகிவிடும். நல்ல ஸ்ப்ளிட்டர் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவதை 20 டெசிபெல், அதாவது நூறில் ஒரு பங்காகத் தடுக்கும். நூறில் ஒரு பங்கு என்றாலும் கால் வாட். ஏ.ஐ.எஸ். ரிசீவர் கேட்கப் பழகியிருப்பது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடச் சிறிய சிக்னலை. காதோடு ரகசியம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் காதருகே அணுகுண்டுப் பட்டாசைக் கொளுத்தியதுபோல ஆகிவிடும்.

படகுக்கான பாக்ஸ், ஒரு செட் பேசத் தொடங்குவதை உணர்ந்து இன்னொன்றை உடனே துண்டிக்கிறது. பொதுவாக வயர்லெஸ் செட்டுக்கே முதல் உரிமை. நல்ல பாக்ஸில் உள்ளே ஒரு பெருக்கியும் இருக்கும். பங்கிடுவதால் குறையும் சிக்னலை அது ஈடுகட்டும். மின்சாரம் போனாலும் வயர்லெஸ் செட் மட்டும் ஆன்டெனாவோடு நேரடியாக இணைந்திருக்கும்படி செய்திருப்பார்கள்.

இதிலும் ஒரு குறை உண்டு. நீங்கள் மைக்கில் பேசும் நேரம் முழுவதும் ஏ.ஐ.எஸ். காது கேளாமல் இருக்கும். அதைவிட முக்கியமாக, அந்த ஒரே ஆன்டெனா முறிந்து விழுந்தால் இரண்டு கருவிகளும் ஒன்றாக ஊமையாகிவிடும். அதனால்தான் பெரிய கப்பல்களில் ஏ.ஐ.எஸ்.ஸுக்குத் தனி ஆன்டெனா வைக்கிறார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதல்படி அதை வயர்லெஸ் ஆன்டெனாவுக்கு நேர் மேலோ நேர் கீழோ, குறைந்தது 2 மீட்டர் உயர இடைவெளி விட்டு வைக்க வேண்டும். ஒரே மட்டத்தில் பக்கத்தில் வைப்பதானால் 10 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். செங்குத்து ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் பரப்புகிறது. தலைக்கு நேர் மேலும் காலுக்கு நேர் கீழும் மிகக் குறைவு. அதனால்தான் மேலும் கீழுமாக வைத்தால் 2 மீட்டர் போதும், பக்கத்தில் வைத்தால் 10 மீட்டர் வேண்டும்.

படகில் ஜி.பி.எஸ்.ஸும் இருக்கிறது. அது கேட்பது மட்டுமே. 1575.42 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல், தரையை அடையும்போது சுமார் மைனஸ் 130 டிபிஎம் அளவில் இருக்கும். 25 வாட் வயர்லெஸ் செட்டின் சக்தி இதைப்போல 2500 கோடி கோடி மடங்கு. இந்த இரண்டையும் ஒரு ஸ்ப்ளிட்டரில் சேர்க்க யாரும் நினைக்க மாட்டார்கள். ஜி.பி.எஸ்.ஸுக்குத் தனி ஆன்டெனா, தனி கேபிள் என்பதுதான் வழக்கம்.

மலைவீட்டில் தவறு எங்கே?

நண்பர் வீட்டுக்குத் திரும்புவோம். அவருடைய இணைப்பில் நான்கு தவறுகள் இருந்தன.

1. மின்சாரம். செட்-டாப் பாக்ஸ் சிக்னலை வாங்குவது மட்டுமல்ல, டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்.என்.பி.க்கு அதே கேபிள் வழியாக மின்சாரமும் அனுப்புகிறது. 13 வோல்ட் அல்லது 18 வோல்ட். சேனலைப் பொறுத்து இது மாறும். நண்பர் வாங்கிய ஸ்ப்ளிட்டர் எல்லா வாய்களிலும் மின்சாரத்தைக் கடத்தும் வகை. ரவுட்டருக்குப் போகும் முனையைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 17 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ரவுட்டரின் ஆன்டெனா வாய் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. அந்த வாய் செத்துப் போயிருந்தது.

2. அலைவரிசை மோதல். டிஷ் பிடிப்பது 11, 12 கிகாஹெர்ட்ஸ் அளவில் என்றாலும், எல்.என்.பி. அதை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் கேபிளில் அனுப்புகிறது. 4ஜியின் 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் இதற்குள்ளேயே விழுகின்றன. அதனால் ஸ்ப்ளிட்டருக்குப் பதில் டைப்ளெக்சர் போட்டிருந்தாலும் தப்பித்திருக்க முடியாது.

3. பேசும் கருவி. ரவுட்டரை நாம் கேட்கும் கருவி என்றே நினைக்கிறோம். அது பேசவும் செய்கிறது, 0.2 வாட் வரை. 25 வாட்டோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் எல்.என்.பி.யிலிருந்து வரும் சிக்னலுக்கு முன்னால் இது மிகப் பெரியது. மகள் வீடியோ காலில் பேசும்போது ரவுட்டர் விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மட்டும் டிவி படம் உடைந்ததற்குக் காரணம் இதுதான். உங்கள் வீட்டிலும் ஒரு கருவியைப் பயன்படுத்தும்போது மட்டும் இன்னொன்று கெட்டால், இந்தக் கோணத்தில் சந்தேகப்படுங்கள்.

4. கேபிள் வகை. டிவி கேபிளான ஆர்.ஜி.-6 என்பது 75 ஓம். 4ஜி ஆன்டெனாவும் ரவுட்டரும் பொதுவாக 50 ஓம். இதனால் ஏற்படும் இழப்பு சிறிதுதான், இதனால் மட்டும் எதுவும் கெட்டுவிடாது. ஆனால் திருகு வேறு, முனை வேறு என்பதால் இடையில் இரண்டு மூன்று அடாப்டர்களைச் சொருக வேண்டிவரும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இழப்பு, மழையில் ஒவ்வொன்றிலும் தண்ணீர்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான 4ஜி ரவுட்டர்களில் ஆன்டெனாவுக்கு இரண்டு வாய்கள் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்து வேகத்தைக் கூட்டுகின்றன. இது மிமோ என்ற முறை. இங்கே ஒரு கருவிக்கே இரண்டு ஆன்டெனாக்கள் தேவை. வெளி ஆன்டெனாவில் இரண்டு கேபிள்கள் வருவது அதனால்தான். ஒன்றை மிச்சப்படுத்தி இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள்.

யாருக்கு உயரம் வேண்டும்?

பகிர்வதா, பிரிப்பதா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. எல்லா ஆன்டெனாக்களும் அந்தக் கம்பத்தின் உச்சியில்தான் இருக்க வேண்டுமா?

வி.எச்.எஃப்.புக்கு உயரமே எல்லாம். வழியில் தடை எதுவும் இல்லாவிட்டால், ரேடியோ அடிவானம் எவ்வளவு தொலைவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை கிடைக்கும். படகில் 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் சுமார் 8 கி.மீ. அதே உயரமுள்ள இரண்டு படகுகள் 16 கி.மீ. தொலைவில் பேசிக்கொள்ளலாம். 9 மீட்டருக்கு உயர்த்தினால் ஒவ்வொன்றுக்கும் 12 கி.மீ.க்கு மேல். கரையில் 100 மீட்டர் கோபுரம் இருந்தால் அதற்கு 41 கி.மீ. 9 மீட்டர் படகும் இந்தக் கோபுரமும் சேர்ந்தால் சுமார் 53 கி.மீ. வாட்டைக் கூட்டினாலும் இந்த எல்லை பெரிதாக நீளாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பட்ட துயரத்தில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கும் படகுகள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளிப் போகின்றன. கரையிலிருந்து வி.எச்.எஃப்.பில் எச்சரிக்கை சொன்னாலும் அவ்வளவு தூரம் போய்ச் சேராது. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கு எச்சரிக்கை அனுப்பும் முயற்சிகள் வேகம் பிடித்தன. 2019-இல் வந்த ஜெமினி கருவி செய்தியைப் பெற மட்டும் உதவியது. 2024 ஆகஸ்டில், படகிலிருந்தும் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் படிப்படியாகப் பொருத்தும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். செயற்கைக்கோளைப் பார்க்கும் ஆன்டெனாவுக்கு உயரம் தேவையில்லை, மறைவில்லாத வானம் போதும். ஜி.பி.எஸ். ஆன்டெனாவைப் பாய்மர உச்சியில் வைத்தால் நன்மை எதுவும் இல்லை. ஆட்டம்தான் கூடும், கேபிள்தான் நீளும். வீல் ஹவுஸ் கூரையே போதும். உச்சி வி.எச்.எஃப்.புக்கு மட்டும்.

மலைவீட்டுக்கும் இதே விதிதான். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. கொல்லிமலையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், தரையிலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில், ஏறத்தாழ தலைக்கு மேலேயே நிற்கிறது. எதிரில் இருக்கும் முகடு அதை மறைக்காது. அப்படியானால் டிஷ்ஷுக்கு இருபது அடிக் கம்பம் எதற்கு? மரக்கிளை மறைக்காத இடமாகப் பார்த்து முற்றத்தில் வைத்தாலே போதும். மாறாக, 4ஜி கோபுரத்தின் சிக்னல் பக்கவாட்டில் மரங்களையும் மேட்டையும் தாண்டி வருகிறது. உயரம் தேவைப்படுவது அதற்குத்தான்.

நாங்கள் செய்தது

இரண்டு ஸ்ப்ளிட்டர்களையும் கழற்றினோம். டிஷ்ஷைக் கம்பத்திலிருந்து இறக்கி, முற்றத்தில் இரண்டடி உயர சிமென்ட் திண்டில் பொருத்தினோம். அதற்குத் தனியாக ஆர்.ஜி.-6 கேபிள். படம் முன்பைவிட நன்றாகவே வந்தது. கேபிளின் நீளமும் பாதியாகிவிட்டது.

கம்பத்தில் ஒரு பழைய டிவி ஆன்டெனாவும் இருந்தது. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பு 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டதால், அதற்கு இனி வேலை இல்லை. அதையும் கழற்றிக் கம்பத்தின் சுமையைக் குறைத்தோம்.

ரவுட்டரின் ஒரு வாய் செத்துவிட்டதால் புதிய ரவுட்டர் வாங்க வேண்டியதாயிற்று. இந்த முறை கம்பத்திலேயே மாட்டும் வெளிப்புற ரவுட்டர் வாங்கச் சொன்னேன். காரணம் இதுதான். சாதாரண மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிளில் 1800 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 10 மீட்டர் போவதற்குள் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகக் கரைந்துவிடும். ஆன்டெனாவை உயர்த்திச் சம்பாதித்ததைக் கேபிள் தின்றுவிடும். வெளிப்புற ரவுட்டரில் ஆன்டெனா உள்ளேயே இருக்கிறது. கீழே வருவது ரேடியோ சிக்னல் அல்ல, ஈதர்நெட் கேபிளில் வரும் டேட்டா. 100 மீட்டர் வரை இழப்பு என்ற பேச்சே இல்லை. ரவுட்டருக்கு வேண்டிய மின்சாரமும் அதே கேபிளில் மேலே போகும். ஒரே கேபிளில் இரண்டு வேலை என்ற நண்பரின் ஆசையும் நிறைவேறியது.

திசை திருப்புவதற்கு ரவுட்டரின் பக்கத்தை பிரவுசரில் திறந்து, ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற எண்ணைப் பார்த்தோம். மைனஸ் 80 என்றால் மிக நன்று. மைனஸ் 110-ஐத் தாண்டினால் மோசம். நண்பர் கம்பத்தைச் சிறிது சிறிதாகத் திருப்ப, நான் எண்ணைப் படிக்க, மைனஸ் 112-இல் தொடங்கி மைனஸ் 94-இல் நிறுத்தினோம். ஒவ்வொரு திருப்பலுக்கும் அரை நிமிடம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். எண் உடனே மாறாது.

கடைசியாக, குழாயைக் கனமான செம்புக் கம்பியால் எர்த் செய்தோம். மலைமேல் நிற்கும் இரும்புக் குழாய் இடியை வா என்று அழைக்கும். இடி மழை நெருங்கும்போது ஈதர்நெட் கேபிளையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் எதைப் பகிரலாம்?

எஃப்.எம். ரேடியோ ஆன்டெனாவும் டிஷ்ஷும்: ஒரே கேபிளில் இறக்கலாம். எஃப்.எம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ், டிஷ் கேபிளில் 950-க்கு மேல். இடையில் நிறைய இடைவெளி இருக்கிறது, இரண்டும் கேட்கும் கருவிகள். டிவி-சாட்டிலைட் டைப்ளெக்சர் என்று கேட்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று மாட்டுங்கள். மின்சாரம் டிஷ் வாயில் மட்டும் போகும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு எஃப்.எம். ஆன்டெனா, இரண்டு ரேடியோ: சாதாரண ஸ்ப்ளிட்டரே போதும். பாதி சிக்னல் போகும், அவ்வளவுதான்.

ஒரு டிஷ், இரண்டு டிவி: ஸ்ப்ளிட்டர் சரிவராது. ஒரு பாக்ஸ் 13 வோல்ட் கேட்கும் நேரத்தில் இன்னொன்று 18 கேட்டால் ஒன்றில் சேனல் போய்விடும். இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. வாங்கி, இரண்டு கேபிள் இழுங்கள்.

4ஜி, 5ஜி ரவுட்டர், வயர்லெஸ் செட் போன்ற பேசும் கருவிகள்: எதோடும் சேர்க்காதீர்கள். தனி ஆன்டெனா, தனி கேபிள்.

சிக்னல் பூஸ்டர்: கடைகளில் விற்கும் மொபைல் ரிப்பீட்டரை வாங்கி மாட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அனுமதியில்லாமல் தனிநபர் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அது சுற்றியுள்ள எல்லோருடைய சிக்னலையும் கெடுக்கும். ரவுட்டரோடு வெளி ஆன்டெனா வைப்பது வேறு, பூஸ்டர் வைப்பது வேறு.

எந்த டப்பாவை வாங்கும் முன்பும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இதில் இணையும் கருவிகளில் ஒன்றாவது பேசுமா? இரண்டின் அலைவரிசையும் தள்ளி இருக்கிறதா? கேபிளில் மின்சாரம் போகிறதா? மூன்றுக்கும் விடை தெரியாவிட்டால் இன்னொரு கேபிள் இழுப்பதே மலிவு.

உயிர்காக்கும் கருவி என்றால் நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு. இந்த ஒரு ஆன்டெனா போனால் என்னவெல்லாம் சேர்ந்து போகும்? படகில் வயர்லெஸ்ஸும் ஏ.ஐ.எஸ்.ஸும் ஒன்றாகப் போகக்கூடாது. மலைவீட்டில் டிவிக்காக போன் போகக்கூடாது.

நண்பர் வீட்டில் ரவுட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வைத்திருக்கிறோம். மின்சாரம் போனாலும் சில மணி நேரம் ஓடும். அவசர எண்களுக்கு வைஃபை காலிங் எல்லா நிறுவனத்திலும் ஒரேபோல் வேலை செய்யும் என்று நம்பியிருக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அதனால் ஜீப் வைத்திருக்கும் உறவினரின் எண்ணையும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

நான் மலை இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்த இரவு அவருடைய அப்பாவே போன் செய்தார். "பத்திரமாப் போய்ச் சேந்தீங்களா தம்பி? நான் கட்டில்ல படுத்துக்கிட்டேதான் பேசறேன்" என்றார்.